வேர்நுனி மூடும் வயது

பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்புப் பதிவேடுகளைத் தேடிப் புதுச்சேரிக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாத பிள்ளைகள் உண்டு. பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் இல்லாதபோது மருத்துவச் சோதனையால் வயதை அறியலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். எலும்போடு பல்லும் அங்கே சாட்சிக்கு வருகிறது.

எனக்குப் பிடித்தது பல்லின் எக்ஸ்ரேயை வாசிக்கும் பொறுமை. 1973இல் டெமிர்ஜியானும் உடன் ஆய்ந்தவர்களும் வகுத்த முறைக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு பற்கள் போதும். முகட்டில் சுண்ணாம்பு படியத் தொடங்குவதிலிருந்து வேர்நுனி மூடுவதுவரை ஒவ்வொன்றுக்கும் எட்டு நிலைகள். பல் ஈறைக் கிழித்து எப்போது வெளிவந்தது என்பது இதில் கணக்கில்லை; பால்பல்லைச் சீக்கிரம் பிடுங்கினாலே அது மாறிவிடும். தாடைக்குள் நடக்கும் வளர்ச்சி அவ்வளவு எளிதில் தடுமாறாது. சத்துக்குறைவுகூட எலும்பை உலுக்கும் அளவுக்குப் பல்லை உலுக்குவதில்லை.

ஆனால் அந்த முறையின் அட்டவணை கனடாவின் பிரெஞ்சு வம்சாவளிக் குழந்தைகளை வைத்து உருவானது. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வயதைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் இந்தியர்களுக்கென்று தனிச் சூத்திரங்கள் வந்தன, வந்தே ஆகவேண்டியவை. பதினாறு தாண்டினால் ஞானப்பல் ஒன்றே துணை, அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். நல்ல மருத்துவர் ஒற்றை எண்ணை எழுதமாட்டார், இதிலிருந்து இதுவரை என்றே எழுதுவார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு. வயது ஏற ஏற வேர் நுனியிலிருந்து ஒளி ஊடுருவத் தொடங்கும். ஒளி ஊடுருவும் பகுதியின் நீளத்தையும் ஈறு இறங்கிய அளவையும் கொண்டு பிரான்சின் லாமெண்டின் 1992இல் ஒரு சூத்திரம் தந்தார். பெயர் தெரியாத உடலுக்கு வயது தேடும்போது அது உதவுகிறது.