பயிற்சிச் சான்றிதழும் வகுப்பறையும்: காவிரிப் படுகைக் கல்லூரிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்லூரி ஆசிரியர்களுக்கெனக் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தோன்றின. தஞ்சைப் பகுதி ஆசிரியர்கள் பலர் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக மையத்தில் பயின்றுள்ளனர். இத்தகு மையங்கள் பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் பெற்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் பதவி உயர்வுக்குப் பயிற்சியில் பங்கேற்றதைக் கோருகின்றன. அதனால் வகுப்பறையில் விளைந்த மாற்றத்தைக் கோரவில்லை. இது நாற்றங்காலைக் கண்டே விளைச்சலைக் கணிப்பதாகும். வகுப்பறையன்றி வேறு துணையற்ற, வயல்வேலைக் குடும்பத்து முதல் தலைமுறை மாணவர்க்கே இதனால் இழப்பு மிகுதி.

பயிற்சிக்கு முன்னும் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அதே ஆசிரியரின் பாடக்குறிப்பு, அகமதிப்பீட்டு வினாத்தாள், மாணவர் ஒப்படைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டாலன்றி நீண்டகாலப் பயன் புலப்படாது.