மரை இளகும் ஓசை

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே திரிங்காப் வழியாகக் கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த கோலா தெர்லா, தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறிப் பண்ணைகளின் நெகிழிக் கூடாரங்களுக்கும் இடையே வளர்ந்த சிற்றூராகும். இத்தகைய மலையூரின் ஊர்திப் பட்டறையில் இறுகிப்போன சக்கர மரையைக் கழற்றுவது வெறும் உடல்வலிமையின் வேலையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதை நெருங்கி நின்று கவனிப்பவர்க்கு, கண்ணும் காதும் கையும் ஒருங்கே பயின்றாலன்றிக் கைவராத நுட்பம் ஒன்று அதில் அடங்கியிருப்பது விளங்கும். அச்சின் முனையிலுள்ள குடத்திலிருந்து நீண்டு, சக்கரத்தின் துளைகள் வழியே வெளிவரும் எஃகுத் தண்டுகள் 'ஸ்டட்' எனப்படும். அவற்றின் மேல் திருகி இறுக்கப்படும் அறுகோணத் துண்டு மரை. பட்டறைப் பேச்சில் அது 'நட்டு'. தண்டின் வெளிப்புறத்திலும் மரையின் உட்புறத்திலும் சுருளாக வெட்டப்பட்ட வரிப்பள்ளம் புரி எனப்படும்.

மரை இறுகுவதற்கான காரணங்கள் உலகெங்கும் ஒன்றேயானாலும், கேமரன் மலை அவற்றைத் தனக்கேயுரிய முறையில் கூட்டித் தருகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, பகலிலும் மூடுபனி படரும் அந்த உயரத்தில், நனைந்த இரும்பு முழுவதும் உலர்வதற்குள் மீண்டும் நனைந்துவிடுகிறது. குளிர்நாடுகளில் சாலைப்பனியை உருக்கத் தூவப்படும் உப்பு சக்கரங்களை அரிக்கிறதென்றால், இங்கு அந்த வேலையைப் பண்ணைகளுக்கு ஏற்றிச் செல்லப்படும் கோழி எருவும் ரசாயன உரமும் செய்கின்றன. அவற்றிலுள்ள அம்மோனிய உப்புகளும் குளோரைடுகளும் ஈரத்தில் கரைந்து, சேற்றோடு சேர்ந்து புரிகளுக்குள் புகுந்து, துருவை விரைவுபடுத்துகின்றன. மலையின் அடையாளமாகவே ஆகிவிட்ட பழைய லேண்ட் ரோவர்களையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். 1948இல் அறிமுகமான அவ்வூர்தியின் உடற்கூடு பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையால் ஆனது. அது செந்துரு ஏறாமல் அரை நூற்றாண்டையும் கடந்து நிற்க, அதைத் தாங்கும் அச்சும் குடமும் மரையும் எஃகாகவே இருந்து துருவோடு போராடுகின்றன. அழியாத உடலுக்கு ஈடுகொடுத்து நெடுங்காலம் உழைக்க வேண்டியிருப்பதால், இம்மலையின் மரைகள் வேறு ஊர்களின் மரைகளைவிட முதியவை என்று சொல்வது மிகையாகாது.

இரண்டாவது காரணம் மனிதருடையது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை 1931இல் நிறைவடைந்தது. அதன் எண்ணற்ற வளைவுகளில் சுமையோடு இறங்கும் ஓட்டுநருக்குச் சக்கரம் கழன்றுவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு; அந்த அச்சத்தைத் தணிக்க, ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று மரையை முறுக்கும் பழக்கம் வேரூன்றியது. காற்றழுத்தத்தால் அடித்து அடித்துச் சுழற்றும் 'ஏர் கன்' வந்தபின், அதே மிகைமுறுக்கம் விரலசைவில் நிகழத் தொடங்கியது. இறுக்கம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணமே இதன் அடியில் உள்ள பிழை.

மரை உண்மையில் செய்வது என்ன என்பதை அறிந்தால் அப்பிழை புலப்படும். மாட்டுவண்டியின் கடையாணி சக்கரம் நழுவாமல் தடுத்து நிற்பது மட்டுமே; மோட்டார் ஊர்தியின் மரையோ தண்டை மிகச் சிறிதளவு இழுத்து நீட்டி, அந்த நீட்சியின் மீள்விசையால் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே தண்டு என்பது பார்வைக்குக் கம்பியாக இருக்கும் ஒரு விறைத்த சுருள்வில்லே ஆகும். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டர் என்னும் அலகால் அளப்பர். ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். சாதாரணக் காரின் மரைகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 120 வரை போதும். அந்த அளவில் 12 மில்லிமீட்டர்த் தண்டு ஒவ்வொன்றும் நான்கு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு சக்கரத்தைப் பிடித்திருக்கும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர்க் குழாயின் நுனியில் ஏறி நின்றால் அளவு அறுநூறை எட்டுகிறது. அதைத் தாங்காமல் தண்டு தன் மீள்தன்மையின் எல்லையைக் கடந்து நிலையாக நீண்டுவிடும், அல்லது ஒடியும். நீண்டுவிட்ட தண்டு தளர்ந்த வில்லைப் போன்றதாகையால், பிடியை உறுதிப்படுத்த எண்ணிய செயலே அதன் உயிரைக் குடித்துவிடுகிறது. முறுக்கும் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தண்டை நீட்டப் பயன்பட்டு, எஞ்சியது புரிகளிலும் மரையின் அடியிலும் உராய்வாகக் கழிகிறது என்பதையும் சேர்த்து நோக்கினால், உராய்வைச் சற்றே மாற்றும் துரு, சேறு, எண்ணெய் ஆகியவை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்க வல்லவை என்பது தெளிவாகும்.

எனவே மலாய்ப் பேச்சில் 'பொமன்' எனப்படும் மெக்கானிக்கின் முதல் திறமை ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே வெளிப்படுகிறது. துருவால் பிடித்த மரையும் மிகைமுறுக்கத்தால் இறுகிய மரையும் புறத்தே ஒன்றுபோல் அசையாமல் நிற்பினும், அவற்றின் நோய் வேறு, மருந்தும் வேறு. மரையின் அடியைச் சுற்றிச் செந்தூள் படிந்து, தண்டின் நுனிப்புரி மங்கியிருந்தால் அது துரு. உலோகம் தூய்மையாக இருந்து, மரையின் விளிம்புகள் நசுங்கி, சக்கரத் துளையின் சுற்றுப்புறம் அழுந்திப் பளபளத்தால் அது மிகைமுறுக்கம். முன்னதற்குக் காலமும் எண்ணெயும் வேண்டும். பின்னதற்கு நீண்ட பிடியும் சீரான விசையும் போதும். இவ்வேறுபாட்டைப் பாராமல் எல்லா மரைக்கும் ஏர் கன்னையே வைப்பவர், நாடி பாராமல் மருந்து கொடுப்பவருக்கு ஒப்பாவார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். வலப்பக்கம் சுழற்ற இறுகும் புரி வலம்புரி, இடப்பக்கம் சுழற்ற இறுகுவது இடம்புரி எனத் தமிழ் இவ்விரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறது; சங்குகளில் வலம்புரி அரிது, மரைகளில் இடம்புரி அரிது. ஜப்பானியத் தரமுறையில் அமைந்த பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கரங்களில் அந்த அரிய இடம்புரியே உள்ளது. ஓடும் சக்கரத்தின் சுழற்சி மரையைத் தளர்த்திவிடாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. காய்கறி ஏற்றும் இத்தகைய லாரியின் இடப்புறத்தில் அமர்ந்து, கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருப்பது அனுபவமில்லாதவர்க்கு நேரக்கூடியதே. தண்டின் நுனியில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காணச் சேற்றைத் துடைக்க வேண்டும், துடைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

வேலையின் தொடக்கம் தரையிலிருந்தே. சக்கரம் நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே மரையை இளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய ஊர்தியின்மேல் பெருவிசையைச் செலுத்தினால் அது சரிந்துவிடும். சமதளம் அரிதான இம்மலையில் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் எதிர்ச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பது கட்டாயம். அடுத்து, கம்பித் தூரிகையால் நுனிப்புரியைச் சுரண்டித் தூய்மை செய்து, துரு தளர்த்தும் எண்ணெயை மரையின் அடியிலும் தலையிலும் சொட்டவிட்டுக் காத்திருப்பர். பலரும் கையிலெடுக்கும் டபிள்யூ.டி.-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விலக்கித் துருவைத் தடுக்கும் பொருட்டு உருவாக்கப்பட்டது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்கள் இவ்வேலையில் அதனினும் மேம்பட்டவை என்பது கைதேர்ந்தவர்களின் கணிப்பு. எதுவாயினும், நுண்ணிய இடைவெளியில் நீர்மம் தானே ஏறும் நுண்துளை ஏற்றத்தால்தான் எண்ணெய் உள்ளே செல்கிறது; அதற்கு மணிக்கணக்கில் நேரம் தேவை. இடையிடையே சிறு சுத்தியலால் மரையின் தலையை மெல்லத் தட்டினால் துருப்படலம் விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி திறக்கும். இந்தக் காத்திருப்பையும் மெல்லத் தட்டுதலையும் வேலையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டவரே இக்கலையில் முதிர்ந்தவர்.

பின்னரே ஸ்பானர். அங்குல அளவில் செய்த ஆங்கிலேய மரையின்மேல் மில்லிமீட்டர் அளவு சாக்கெட்டைப் பொருத்துவதால் எத்தனையோ மரைகள் முனை மழுங்கிக் கெட்டிருக்கின்றன. 15/16 அங்குலம் 23.8 மில்லிமீட்டர் ஆகும், அதன்மேல் 24ஐப் பொருத்தினால் எஞ்சும் மயிரிழை ஆட்டமே பெருவிசையில் முனைகளைச் சீவிவிடக்கூடும். பன்னிரு முனைச் சாக்கெட் விரைவாகப் பொருந்தும். இறுகிய மரைக்கோ ஆறு பக்கத்தையும் முழுவதும் தழுவும் அறுமுனைச் சாக்கெட்டே தகும். சிலுவை வடிவ ஸ்பானரின் அழகை இங்குச் சொல்லாமல் விட இயலாது: ஒரு கை அழுத்த மறு கை தூக்க, இரு விசையும் சமமாகி, தண்டு வளையாமல் தூய முறுக்கம் மட்டுமே மரையைச் சென்றடைகிறது. ஒற்றைப் பிடியை நீட்டிப் பயன்படுத்தும்போது சாக்கெட் சாய முயல்வதால், அதன் தலைக்குக் கீழே கட்டையை முட்டுக்கொடுப்பர்.

விசையைச் செலுத்தும் கணத்தில்தான் கைப்பக்குவம் முழுமையாகத் தெரிகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தை ஒரு பிடி அள்ளிக் கசக்கி, அது விரியும் விதத்தைக் கொண்டு பதம் பார்ப்பதைப் போல, தேர்ந்த கை பிடியின்மேல் எடையை மெல்ல ஏற்றி, உலோகம் தரும் மறுமொழியை உணர்கிறது. மிகைமுறுக்க மரை 'டக்' என்று ஒரே முறிவோசையோடு விட்டுக்கொடுத்து, அதன்பின் விரலாலேயே சுழலும். துருப்பிடித்ததோ முனகிக்கொண்டே நகரும். அதை ஒரே இழுப்பில் கழற்றிவிடாமல், கால் சுற்று முன்னும் அரைக்கால் சுற்றுப் பின்னுமாக அசைத்து, ஒவ்வொரு அசைவிலும் துருத்தூளை வெளியேற்றி எண்ணெயை உள்ளிழுக்கச் செய்ய வேண்டும். கீச்சென்ற ஓசை எழுந்தால் புரிகள் ஒன்றையொன்று உரசிப் பிய்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஓசையே இல்லாமல் பிடி இளகிக் குழைவது எல்லாவற்றினும் தீய அறிகுறி: நகர்வது மரையன்று, தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அவ்வேளையில் கையை நிறுத்தத் தெரிந்தவரைக் காண்பது ரசனையுடையோர்க்குப் பெருமகிழ்ச்சி தரும். இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைத்துப் பிணைப்பை உடைத்துவிட்டு மீண்டும் கழற்றும் பக்கம் திரும்பும் அந்தச் சிறு பின்வாங்கல், இக்கலையின் மிக நேர்த்தியான அசைவாகும்.

வெப்பம் கடைசி மருந்து. சக்கரத்தில் டயர் இருக்கும் நிலையில் எரிவாயுச் சுடரை நெருக்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். உள்ளே ரப்பர் சிதைந்து எழும் வாயு தீப்பற்றி டயரையே வெடிக்கச் செய்யக்கூடும். மழுங்கிய மரைக்கு எதிர்ச்சுருள் வெட்டிய சாக்கெட் உண்டு, அதுவும் தவறினால் வேறொரு மரையை அதன்மேல் பற்றவைத்துத் திருகும் வழியும், உளியால் பிளக்கும் வழியும் உண்டு. அவ்வாறு கழற்றியவை மீண்டும் பயன்படா.

கழற்றிய தண்டைச் சோதிக்கும் முறை எளியது: புதிய மரை ஒன்றை விரலால் மட்டும் அடிவரை சுற்ற வேண்டும். நடுவழியில் அது இறுகினால் தண்டு நீண்டு புரியின் இடைவெளி மாறியிருக்கிறது. அதைப் பின்புறமாகத் தட்டி வெளியேற்றிப் புதியதைப் பொருத்துவதே முறை. குடத்தின் முகத்தையும் மரை அமரும் கூம்புப் பள்ளத்தையும் துருவின்றித் துடைத்தபின், புரியில் எண்ணெயிடுவதற்குத் தயாரிப்பாளரின் கையேடு இடம் தந்தாலன்றி அதை உலர்வாகவே விட வேண்டும். உலர்புரிக்கென வகுத்த அளவை எண்ணெயிட்ட புரியில் பயன்படுத்தினால் உராய்வு குறைந்து, தண்டு வேண்டியதைவிட மிகுதியாக நீளும். மரைகளை முதலில் விரலாலும், பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் வரிசையில் ஸ்பானராலும், இறுதியில் அளவுகாட்டும் டார்க் ஸ்பானராலும் இறுக்குவர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை சரிபார்க்க வேண்டும் என்பது பொது விதி. கோலா தெர்லாவிலிருந்து தாப்பா வழியாக இறங்கினாலும் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினாலும் மலையடிவாரம் அந்தத் தொலைவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே லாரியை ஓரங்கட்டி, சக்கரம் ஆறியபின், ஒவ்வொரு மரையிலும் டார்க் ஸ்பானரை வைத்து அதன் 'கிளிக்' ஓசையைக் கேட்டுவிட்டுச் சமவெளியில் பயணத்தைத் தொடரலாம்.