எரிந்தால் போதுமா?

நம் புதுவையில் எந்த மின்சாமான் கடையிலும் வயர், பிளக், சுவிட்சு எல்லாம் யார் கேட்டாலும் கிடைக்கும். வாங்குபவருக்கு உரிமம் உண்டா என்று கடைக்காரர் கேட்பதில்லை. சட்டம் கேட்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதிப்படி, விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு நாமே மாற்றிக்கொள்ளலாம். மற்ற வேலைகளை அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும். இவ்விதிகளுக்குப் பின் 2010லும் 2023லும் வந்த ஒழுங்குமுறைகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

நோக்கம் நல்லதே. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வேலையைச் செய்தவர் யார் என்பதற்குத் தரும் முக்கியத்துவம், செய்த வேலை எப்படி இருக்கிறது என்பதற்குக் கிடைப்பதில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீட்டுக்கு நான் குடிபோனபோது, சமையலறைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அங்கே எர்த் கம்பியே வரவில்லை. முன்பு இருந்த யாரோ எர்த் முனையை நியூட்ரலோடு சிறு கம்பியால் இணைத்திருந்தார். சாதனங்கள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், சாதனத்தின் உலோக உடலில் 230 வோல்ட் ஏறிவிடும்!

அனுபவமில்லாதவர் செய்த வேலை என்று கோபம் வந்தது. பிறகு முற்றத்து எர்த் குழாயைச் சோதித்தேன். அது உரிமம் பெற்றவர் அமைத்தது; கையெழுத்திட்ட சான்றும் இருந்தது. கருவியால் அளந்தபோது மின்தடை 50 ஓம். ஓம் விதிப்படி கணக்கிடுங்கள்: 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். ஹீட்டரில் பேஸ் கம்பி உடலைத் தொட்டாலும் 16 ஆம்பியர் பியூஸ் உருகாது. மனித இதயத்தை நிறுத்தவோ 0.1 ஆம்பியரே போதும். பியூஸ் காப்பது கம்பியை. மனிதனைக் காப்பது 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி.

உரிமம் இல்லாதவரும் உள்ளவரும் ஒரே தவறைச் செய்தார்கள். விளக்கு எரிந்தது, அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

நம்மூரோடு நெடுங்காலத் தொடர்புடைய பிரான்சில் வேறு முறை உள்ளது. 1972ஆம் ஆண்டு ஆணைப்படி, புதிய மின்னமைப்புக்கு இணைப்புப் பெற, ‘கோன்சுயெல்’ என்ற அமைப்பு சான்றில் முத்திரையிட வேண்டும். தன் வீட்டுக்குத் தானே வயரிங் செய்தவரும் விவரம் கொடுத்துச் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்பது என் கருத்து. சிறு வேலைகளைச் செய்தவர் அச்சமின்றித் தெரிவிக்கட்டும். தகுதி பெற்றவர் வந்து எர்த், இன்சுலேஷன் இரண்டையும் அளந்த பிறகே இணைப்புத் தரட்டும். ஒப்பந்தக்காரர் வேலைக்கும் இதே சோதனை வேண்டும். இது கற்றுக்குட்டிகளை ஊக்குவிக்காதா என்று நண்பர்கள் கேட்கின்றனர். அவர்கள் இப்போதும் செய்கிறார்கள். நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அவ்வழி பிறக்கும்வரை விதி அனுமதிப்பதற்கு மேல் நீங்கள் கைவைக்க வேண்டாம். வயர்மேன் வேலையை முடித்து, “எரியுது சார்” என்று சொன்னால், “எர்த் எத்தனை ஓம்?” என்று கேளுங்கள். அளந்து காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.