ஆறாண்டுத் தலைநகரில் ஒரு பகல்

ஐரோப்பியர் தலைநகர் ஒன்றைப் பார்க்க பாஸ்போர்ட் வேண்டியதில்லை. விழுப்புரத்தில் விடியற்காலை வேன் ஏறினால், பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த இட்லியைக் கடலூர்த் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலக் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கடற்கரையில்தான் இருந்தது. கெடிலம் ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்து ஆங்கிலேயர்கள் இருந்த இடம் இது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய கம்பெனியின் இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

சில்வர் பீச் என்கிற இந்தக் கடற்கரையில் குளித்துவிட்டுச் சிதம்பரம் போகும் வேன்கள் ஏராளம். இருபது பேர் சேர்ந்து வந்தால் இருபது ஜோடிக் கண்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த ஊரில் நிறையவே இரை உண்டு.

முதலில் கோட்டையின் எல்லையைச் சொல்ல வேண்டும். 1690-இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து கம்பெனி இந்தக் கோட்டையை வாங்கியது. அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல். அவருடைய பெயரைத்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு பேசியிருந்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் கம்பெனிக்கு. நாலு திசையிலும் சுட்டார்கள். விழுந்த இடமெல்லாம் அவர்களுடையதாயிற்று. கடலூர்ப் பழைய நகரமும் அந்த வட்டத்துக்குள் அடங்கிப்போனது. நெல் வயலில் நின்ற ஒருவன் தலைக்கு மேலே ஒரு சத்தம் போய், தூரத்தில் மண் எழும்பி அடங்குவதைப் பார்த்திருப்பான். அந்தக் கணத்தில் தான் வேறொரு அரசின் குடியாகிவிட்டோம் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வேனை ஓரங்கட்டச் சொல்லி, வண்டியிலிருந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். கோட்டையைக் காட்டியிருந்தால்கூட அவர்கள் கண் அப்படி விரிந்திருக்காது.

கோட்டை என்று பார்க்க அதிகம் இல்லை. 1758 ஜூனில் லாலியின் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. வாங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் அறுபத்தெட்டு வருஷ வாழ்வு. மிஞ்சியவை செங்கல்லும் காரையுமாகச் சில சிதைவுகள். எங்களோடு வந்த கொத்தனார் ஒருவர் அதன் அருகே போய், உதிர்ந்து கிடந்த காரைத் துண்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். "சார், இது சுண்ணாம்புங்க. நல்லா அரைச்சிருக்கான். சிமெண்டா இருந்தா உப்புக் காத்துல இந்நேரம் போயிருக்கும்" என்றார். துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு குழுவில் எல்லோரும் செங்கல்லையே பார்க்க ஆரம்பித்தார்கள். அதன் கனம், வரிசை, இணைப்பில் தெரிந்த சிப்பித் துணுக்கு எல்லாம் எங்கள் கண்ணில் பட்டன. நயம் என்பது இப்படித்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிக்கொள்கிறது. தனியாக வந்திருந்தால் அந்தச் சுவரை நான் ஒரு போட்டோவோடு விட்டிருப்பேன்.

இந்தக் கடலையும் சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 1749 ஏப்ரலில் அடித்த புயலில், ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவனின் கொடிக்கப்பலான 'நாமூர்' இந்தக் கரையோரத்தில் உடைந்து, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1783 ஜூன் 20 அன்று இதே கடலில் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் அதற்கு முன்பே சமாதானம் பேசி முடித்திருந்தார்கள். செய்திதான் இன்னும் கடலூர் வந்து சேரவில்லை. இவர்களுக்கெல்லாம் ஆயிரம் வருஷம் முன்னால், கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் பெருமான் கரையேறியதாகப் போற்றப்படும் தலம் திருப்பாதிரிப்புலியூர். கோட்டைக்கும் அந்தக் கோயிலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு என்று அந்நியப் பெயர்கள் வழி காட்டக் காட்ட, பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் முன்னால் வந்து நிற்கும். பாதிரி மரம்தான் அங்கே தல விருட்சம்.

கடலூர்ச் சிறையையும் வழியில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்த பாரதியாரைக் கைது செய்து இந்த ஊரில்தான் அடைத்தார்கள்.

அங்கிருந்து தெற்கே சிதம்பரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வண்டியில் பாட்டு, தூக்கம், முந்திரிப் பருப்பு. பரங்கிப்பேட்டைப் பக்கம் வந்தபோது மட்டும் ஒரு விஷயம் சொன்னேன். நாமூரை உடைத்த அதே 1749 புயல், கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கிளம்பிய ஆங்கிலப் படையையும் இந்தப் பக்கத்தில்தான் போட்டுப் புரட்டியது. அந்தப் படை பிறகு தோற்றுத் திரும்புகிற வழியில் நின்று தாக்குப்பிடித்த இடம் சிதம்பரம் கோயில். 1781-இல் ஹைதர் அலியின் வீரர்கள் அதே மதில்களுக்குள் இருந்துகொண்டு ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் தாக்குதலை முறியடித்தார்கள். கோட்டையாகவே கட்டிய கோட்டை மண்ணாகிவிட்டது. கோட்டையாக இருக்க நேர்ந்த கோயில் நிற்கிறது.

நடை சாத்தும் பகல் நேரத்தில் சாப்பாடு. சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சுவைச் சாப்பிடாமல் திரும்புவது பெரிய நஷ்டம். கத்தரிக்காயின் நெகிழ்ச்சி, புளியின் அளவான புளிப்பு, வறுத்து அரைத்த தனியாவும் மிளகாயும், கடைசியில் எட்டிப் பார்க்கிற பெருங்காயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் தெரிய வேண்டும். மிளகும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்தோடு சேரும்போது இரண்டுமே தங்கள் சுபாவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. நல்ல வாய்ப்பாட்டும் வயலினும் போல அவை சேர்ந்து போகின்றன.

மாலையில் கோயில். பொன்னம்பலத்தின் 21,600 பொன் ஓடுகளையும் 72,000 ஆணிகளையும் சொல்லாத வழிகாட்டி கிடையாது. அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம், தரிசனமும் செய்யலாம். ஆனால் அதற்கு முன் கோபுர வாசலில் நிற்க வேண்டும். எல்லோரும் வேகமாகக் கடந்து போகிற அந்த இடத்தில்தான் பரத சாஸ்திரத்தின் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. நான்கு கோபுரங்களின் வழிநடைச் சுவரிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நடனப் பெண். மேலக் கோபுரத்தில் சாயங்கால வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து விழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போகிறது. பகலில் தட்டையாகத் தெரிந்த உருவத்துக்கு அப்போது இடுப்பு வளைகிறது, முழங்கால் மடங்குகிறது, விரல் நுனிக்குக்கூட நிழல் கிடைக்கிறது. கை குவித்துப் பூ வைக்கும் தலபுஷ்பபுடத்தில் உடம்பு முழுக்க ஒரு பணிவு. நெற்றியில் பொட்டிட வருவதுபோல் காலை மேலே தூக்கும் லலாடதிலகத்தில், நிற்கிற ஒற்றைக்கால் கொஞ்சமும் நடுங்கவில்லை.

எங்கள் குழுவில் பரதம் கற்கும் ஒரு பெண் இருந்தாள். பெரிய உருவத்தை விட்டுவிட்டு, கட்டத்தின் மூலையில் குறுகி நிற்கும் பக்க வாத்தியக்காரர்களைக் காட்டினாள். "பாருங்க மாமா, இவங்க அவளோட காலைத்தான் பாக்குறாங்க." பார்த்தோம். கை உயரமே உள்ள மத்தளக்காரரின் கழுத்து அவள் கால் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்தால்தான் தாளம் தப்பாது. அந்தச் சிற்பிக்கு ஆட்டம் மட்டுமல்ல, கச்சேரியும் தெரிந்திருக்கிறது.

சிதம்பரத்துக்கு வேன் பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் இரண்டு மணி நேரத்தைத் தேவனாம்பட்டினத்துக்கு ஒதுக்குங்கள். கூட்டத்தில் ஒரு கொத்தனாரும் ஆடத் தெரிந்த ஒருவரும் இருந்தால் அவர்களை முன்னால் நடக்க விடுங்கள். மேலக் கோபுரத்துக்கு வெயில் இறங்குவதற்குள் வந்துவிடுங்கள்.