குறிப்புக்கு மட்டும்

ஜொகூரில் கூலாய், செடனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்தில் இப்போது தரவு மையங்கள் நிற்கின்றன. அப்படியொரு குளிர்ந்த கூடத்தில், நள்ளிரவு தாண்டிய ஒரு வேளையில்தான் எல்விஎம்மின் பேக்கப் கோப்பை முதன்முதலாக நிதானமாகப் படித்தேன். லினக்ஸ் சர்வரில் இருந்த மூன்று வட்டுகளில் ஒன்றை எல்விஎம் காணோம் என்றது. யாரோ வட்டு மாறி ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை எழுதிவிட்டார்கள். எல்விஎம் தன் அடையாளத்தை வைப்பது வட்டின் இரண்டாவது செக்டரில். ஜிபிடி தலைப்பு உட்காருவதும் அதே இடத்தில்தான்.

பல வட்டுகளை ஒரே நிலமாக்கி, வேண்டிய அளவில் பாத்தி பிரித்துத் தருவது எல்விஎம். ஹெச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்ததை முன்மாதிரியாக வைத்து 1998-இல் ஹெய்ன்ஸ் மவல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு எழுதியது. ஹெச்பி-யூஎக்ஸின் எல்விஎம்டேப் கோப்பு மனிதர் படிக்கக்கூடியதல்ல. இன்றைய லினக்ஸ் எல்விஎம்மின் பேக்கப் கோப்போ சாதாரண எழுத்து. எடிட்டரில் திறந்தாலே போதும்.

திறந்தேன். செக்டர் கணக்கில் எக்ஸ்டென்ட் அளவு 8192 என்று ஒரு வரி. பக்கத்திலேயே, நாம் பெருக்கிப் பார்க்க வேண்டாமென்று, '4 மெகாபைட்' என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வட்டுக்கும் 32 எழுத்தில் ஓர் அடையாளம். அதன் கீழே எஸ்டிபி, எஸ்டிசி என நாம் அன்றாடம் சொல்லும் பெயர். அதையடுத்து 'குறிப்புக்கு மட்டும்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். கேபிளை மாற்றிச் செருகினால் பெயர் மாறும், அடையாளம் மாறாது. அந்த உண்மையை இரண்டே சொல்லில் சொல்லி வைத்தவர் கைக்கு ஒரு வணக்கம்.

இன்னும் ஒரு நயம். ஆர்கைவ் அடைவில் உள்ள கோப்புகள், இன்ன கட்டளைக்கு 'முன்' எழுதப்பட்டவை என்கின்றன. பேக்கப் கோப்பு 'பின்' என்கிறது. கட்டளையும் முழுதாக அங்கேயே இருக்கிறது. எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

பிவிகிரியேட் கட்டளையிடம் பழைய அடையாளத்தையும் பேக்கப் கோப்பையும் கொடுத்தேன். தரவு எங்கே தொடங்குகிறது என்று அது கோப்பிலிருந்தே பார்த்துக்கொண்டு, அதன்மேல் கை வைக்காமல் முகப்பை மட்டும் எழுதியது. பிறகு விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர், அடுத்து விஜிசேஞ்ச். கோப்பமைப்பைச் சோதிக்க எஃப்எஸ்சிகே ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை.

கோப்பே தொலைந்தாலும் கதை முடிவதில்லை. அதே எழுத்து வட்டுகளின் தொடக்கத்திலும் இருக்கிறது. ஏட்டெண் இருந்தால் கயிறு அறுந்த சுவடியை அடுக்கிவிடலாம். இங்கே ஒவ்வொரு ஏட்டிலும் சுவடி முழுவதற்குமான அட்டவணையே இருக்கிறது. விஜிசிஎஃப்ஜிபேக்கப் என்ற ஒரே கட்டளை அதைப் படித்துக் கோப்பை மறுபடி எழுதித் தந்துவிடும்.

உங்கள் சர்வரில் அந்தக் கோப்பு இடிசி அடைவில், எல்விஎம் என்ற உள் அடைவுக்குள் இருக்கிறது. இன்றைக்கே ஒருமுறை திறந்து படியுங்கள். வேறொரு கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள்.