ஒரு தகப்பனாரின் கடிதங்கள்

நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் என் தகப்பனார் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். கடிதம் என்று சொல்வதுகூட அதிகம். மணியார்டர் பாரத்தின் அடியில், செய்திக்கென்று விட்டிருக்கும் நாலு விரற்கடை இடத்தில், "க்ஷேமம். பணம் பெற்றதும் பதில் போடவும். வீண் செலவு வேண்டாம்" என்று எழுதியிருப்பார். அவருக்கு என்மேல் பிரியம் உண்டா என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால் தயங்கித்தான் பதில் சொல்லியிருப்பேன். நம் வீடுகளில் தகப்பன் பிள்ளையிடம் நேரே பிரியத்தைச் சொல்வது வழக்கமில்லை. அம்மாவிடம் சொல்வார், அம்மா சாதம் போடும்போது நம்மிடம் சொல்வாள்.

இந்த நினைவோடுதான் மோதிலால் நேரு தம் மகன் ஜவாஹர்லாலுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தேன். பி. ஆர். நந்தா 1962-ல் வெளியிட்ட நேருக்களின் வரலாற்றில் அவற்றை முதலில் கண்டேன். ஒரு நல்ல நாவலைப் படித்த திருப்தி ஏற்பட்டது. அதோடு ஒரு நாவலாசிரியனுக்கு ஏற்படக்கூடிய பொறாமையும் ஏற்பட்டது.

1905-ம் வருஷம் மே மாதம் மோதிலால் மனைவியோடும் சிறு பெண்ணோடும் இங்கிலாந்துக்குப் போய், பதினைந்து வயது மகனை ஹாரோ பள்ளியில் சேர்த்தார். அப்போது அவர் தேசத் தலைவர் அல்ல. அலகாபாத் ஹைகோர்ட்டில் கொடிகட்டிப் பறந்த வக்கீல். காங்கிரஸ் மகாசபைக்கு அவர் இரண்டு முறை தலைமை வகித்தது பிற்பாடு, 1919-லும் 1928-லும். மகனை விட்டுவிட்டு ஊர் திரும்பும் வழியில் அவர் ஒரு கடிதம் எழுதினார். உலகத்தில் தங்களுக்கு இருக்கிற மிகப் பெரிய செல்வத்தை விட்டுவிட்டுப் போகிறோம் என்கிறார். உனக்குச் சொத்துச் சேர்ப்பது பெரிய காரியமில்லை, ஒரு வருஷ வருமானத்திலேயே அதைச் செய்துவிடலாம். உன்னை மனிதனாக்குவதுதான் காரியம். கூடவே வைத்துக்கொண்டு பணத்தை மட்டும் கொடுப்பது சுயநலம், பாவம் என்றும் வாதாடுகிறார். வக்கீல் அல்லவா? ஆனால் அந்த வாதம் மகனை நோக்கியதல்ல. தம் மனத்தைச் சமாதானம் செய்துகொள்ளச் செய்த வாதம்.

இதே மனிதர் வீட்டில் எப்படி இருந்தார் என்று ஜவாஹர்லால் 1936-ல் வெளிவந்த சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அப்பாவின் மேஜையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒருவருக்கு இரண்டு எதற்கு என்று நினைத்த ஐந்தாறு வயதுப் பையன் ஒன்றை எடுத்துக்கொண்டான். கிடைத்த அடிக்குப் பல நாட்கள் மருந்து தடவ வேண்டியிருந்ததாம். அவருடைய கோபம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கோபம்.

அடித்த கைதான் அந்தக் கடிதத்தையும் எழுதியது. இது எப்படி என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. கடல் நடுவில் இருந்தது ஒரு காரணம். முகத்தைப் பார்க்காதபோது வெட்கம் குறைகிறது. இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. அவர் எழுதியது இங்கிலீஷில். தாய்மொழியில் சொல்லக் கூச்சப்படுகிற சொல்லை அந்நிய மொழி சுலபமாகச் சொல்ல விடுகிறது. என் நாவலில் ஒரு தகப்பனார் தமிழில் இப்படியெல்லாம் பேசினால், நாடகம் என்று வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். என் பொறாமைக்கு இதுதான் காரணம்.

ஆனால் இக்கடிதங்களில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அன்போடு சேர்ந்து ஒரு கணக்கும் அவற்றில் ஓடுகிறது. குடும்பப் பெருமைக்கு நான் அஸ்திவாரம் போட்டேன். நீ அதன்மேல் வானளாவக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்கிறார். மகன் ஐ.சி.எஸ். ஆகவேண்டும் என்பது அவருடைய முதல் ஆசை. பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் இவ்வளவு பெரிய கட்டடத்தை ஏற்றலாமா? இந்த இடங்களில் எனக்கு ஜவாஹரிடம் பரிதாபமே ஏற்பட்டது.

பாரத்தை ஏற்றினால் பிள்ளை ஒருநாள் உதறத்தான் செய்வான். 1907-ல் மோதிலால் மிதவாதிகளின் பக்கம் நின்றார். கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்ட மகனுக்குத் தீவிரவாதிகளிடம் அனுதாபம். அவ்வருஷக் கடைசியில் சூரத் காங்கிரஸ் பிளந்தது. உங்கள் போக்கைப் பார்த்து சர்க்கார் சந்தோஷப்பட்டிருக்குமே, ராய்பகதூர் மாதிரி ஒரு பட்டம் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்ற பாவனையில் மகன் எழுதினான். தகப்பனாருக்கு வந்த கோபத்தில் படிப்பை நிறுத்திப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுவிடவே பார்த்தார். கூப்பிடவில்லை. கடிதங்கள் தொடர்ந்தன. இந்தக் கடிதங்களின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பதில் சொல்லக்கூடிய, எதிர்த்துப் பேசக்கூடிய ஒரு பிள்ளை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறான்.

மகனுக்குக் கடிதம் எழுதிப் புகழ்பெற்ற இன்னொரு ராஜதந்திரி உண்டு, செஸ்டர்பீல்ட் பிரபு. அவர் கடிதங்கள் 1774-ல், அவர் இறந்த மறு வருஷம், புத்தகமாயின. எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது, யாரிடம் எப்படிப் பழகுவது என்று பக்கம் பக்கமாக உபதேசம். நடை அபாரம். ஆனால் அந்த மகன் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் புத்தகம் முழுதும் தேடினாலும் அகப்படமாட்டான். அவனோ 1768-லேயே, தந்தைக்கு முன்னால், இறந்துபோனான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஜவாஹர்லால் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். 1928-ல் முஸூரியில் இருந்த சிறுமிக்கும், 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்தும் எழுதியவை. சரித்திரம் கற்பிக்கும் நூல்கள் என்ற முறையில் அவற்றுக்கு ஈடில்லை. ஆயினும் கடிதம் என்ற முறையில் தகப்பனார் எழுதியவையே உயர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். மகனுடைய கடிதங்களில் பூமி பிறக்கிறது, ராஜ்யங்கள் எழுந்து விழுகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் பெண் கொஞ்சம் மறைந்துவிடுகிறாள். மோதிலால் எந்த ராஜ்யத்தைப் பற்றி எழுதினாலும் நடுவில் அவருடைய பிள்ளை நிற்கிறான்.

பிறகு நடந்தது தேசத்துக்கே தெரிந்த கதை. அந்தப் பிள்ளையின் பின்னால் தகப்பனார் நடந்தார். வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் இருவரும் சிறை சென்றார்கள். 1923-ல் நாபா சமஸ்தானத்துச் சிறையில் இருந்த மகனைப் பார்க்கப் போனார். தம் வருகை மகனுக்குச் சங்கடமாகிவிட்டது என்று கண்டதும், என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நீ உள்ளே சந்தோஷமாயிருப்பதுபோல் நான் வெளியே சந்தோஷமாயிருக்கிறேன் என்று எழுதினார். அந்த வாக்கியத்தில் கோபமும் இருக்கிறது, குத்தலும் இருக்கிறது. அவை இரண்டும் மறைக்கப் பார்ப்பது என்ன என்று நம் வீட்டுத் தகப்பனார்களோடு பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என்னை மிகவும் பாதித்தது கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து மகன் சத்தியாக்கிரகத்தில் சேரத் துடித்தபோது, அவன் சிறையில் தரையில் படுக்க நேருமே என்று மோதிலால் தாமே வெறுந்தரையில் படுத்துப் பார்த்தாராம். மகனிடம் சொல்லவில்லை. பிற்பாடுதான் தெரியவந்தது என்கிறார் ஜவாஹர்லால். பிள்ளை கடல் கடந்து இருந்தபோது பக்கம் பக்கமாக எழுதியவர், அதே வீட்டில் இருந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் தரையில் படுத்தார். அங்கே அவர் நம் ஊர்த் தகப்பனாராகவே ஆகிவிட்டார்.

மோதிலாலின் கடிதங்களை அவருடைய குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால் நாம் படிக்கிறோம். என் தகப்பனாரின் மணியார்டர் கூப்பன்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வருவேன்.