உடைக்கப்பட வேண்டிய சட்டி

பாஸ்கா விருந்துக்கான செடெர் தட்டு, ஓய்வுநாள் மதுவுக்கான கித்தூஷ் கிண்ணம் இவற்றைப் பாட்டியும் பேத்தியுமாக யூதக் குடும்பங்கள் சேர்ந்து வனைவதைப் பற்றிப் பேச்சு வந்தால் 'மரபு கைமாறுகிறது' என்ற வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. சரி, கைமாறுவது எது? வடிவமா, உழைப்பா, அவ்வுழைப்பின்மேல் ஏற்றப்பட்ட இழிவா? பீட்டா இஸ்ரேல் எனப்படும் எத்தியோப்பிய யூதர்களை முன்வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கோந்தார் பகுதியில் இவர்களின் ஆண்கள் கொல்லர்கள், நெசவாளர்கள். மண்பாண்டம் பெண்களின் வேலை. சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, கையாலேயே வழித்து, திறந்த தீயில் சுட்டெடுப்பார்கள். அம்மா செய்வதைப் பார்த்து மகள் படித்துக்கொள்வாள். நிலவுரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சிய தொழில் இது. நெருப்பையும் மண்ணையும் ஆள்கிற இவர்கள் 'புடா', அதாவது கண்ணேறு வைப்பவர்கள், இரவில் கழுதைப்புலியாக மாறுபவர்கள் என்பது அண்டை அயலாரின் நம்பிக்கை. சட்டி வேணும், செஞ்சவ வேண்டாம்! நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லேவியராகமத்தின்படி தீட்டுப்பட்ட மரப்பாத்திரத்தைக் கழுவினால் போதும். மட்கலத்தை உடைத்துவிட வேண்டும். மண் தான் உறிஞ்சியதை விடாது என்பது இதன் தர்க்கம். புளித்த மாவின் சுவடுகூட இருக்கக்கூடாத பாஸ்காவுக்கு முன், பழைய சட்டிபானைகளை உடைத்துப் புதிதாக வனைந்துகொள்ளும் வழக்கம் பீட்டா இஸ்ரேல் மக்களிடம் இருந்தது. ஆக, இங்கே பாட்டியின் சட்டி பேத்திக்கு வருவதில்லை, செய்யத் தெரிந்த கைதான் வருகிறது. இதையும் ஒரேயடியாகக் கொண்டாடிவிட முடியாது. புனிதக் கலத்தை வனைந்த அதே பெண் மாதவிலக்கு நாட்களில் ஒதுக்குக் குடிசைக்குப் போக வேண்டியிருந்தது.

1984-85இல் சூடான் வழியாகவும், 1991 மே மாதம் சுமார் 36 மணி நேரத்தில் 14,000க்கும் மேற்பட்டோராகவும் இவர்கள் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே கடைப் பாத்திரம் மலிவு. அடுப்படியில் வேலையில்லாமல்போன கைத்திறன் கண்ணாடிப் பேழைக்கும் விற்பனை மேசைக்கும் போனது. கோந்தாரை அடுத்த வொலேக்காவில் சுற்றுலாப் பயணிகளுக்கென விற்ற மண்பொம்மைகள் அந்த வழியை முன்பே காட்டியிருந்தன. 1996 ஜனவரியில் இன்னொன்று அம்பலமானது. எத்தியோப்பிய யூதர்கள் தானமாகக் கொடுத்த ரத்தம், எச்.ஐ.வி. பயத்தால், அவர்களுக்குத் தெரியாமலேயே கொட்டப்பட்டுவந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஜெருசலேமில் திரண்டார்கள். கலையாகப் பாராட்டப்பட்ட கையின் ரத்தம் தீட்டாகியிருந்தது. கழுவித் தூய்மையாக்க முடியாத மட்கலமாக அந்த உடலே வாசிக்கப்பட்டது.

எனவே தலைமுறைகள் சேர்ந்து வனைவதைப் பற்றிய எந்த எழுத்திலும் நாம் தேடவேண்டியது 'புடா' என்ற சொல்லும் அங்கே பேசப்படுகிறதா என்பதைத்தான். அதை மறைத்துவிட்டுக் களிமண்ணை மட்டும் கொடுப்பது பேத்தியை ஏமாற்றுவது. "எனக்கு வேணாம் பாட்டி" என்று கையை உதறி எழுந்துபோகிறவளையும் மரபு அறியாதவள் என்று தள்ளிவிடக்கூடாது. பாட்டி சொல்லாமல் விட்டதை அவள் சரியாகவே கேட்டிருக்கலாம்.